தையல் விடுகிறதா? முதலில் ஊசியைப் பாருங்கள்!

புது ரவிக்கை. கழுத்தும் கையும் அளவாகத்தான் இருக்கின்றன. ஆனால் போட்டுக்கொண்டு கையைத் தூக்கியதும் கைக்குழியில் பிரிகிறது. துணி கிழியவில்லை. தையல்தான் பிரிந்தது.

உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். வரிசையாகத் தையல் விழ வேண்டிய இடத்தில், நடுநடுவே சில தையல்கள் விழவே இல்லை. அங்கே நூல் நீளமாகக் கிடக்கிறது. இதைத்தான் தையல்காரர்கள் "தையல் விடுகிறது" என்கிறார்கள்.

காரைக்கால் போன்ற கடலோர ஊரில் இது பெரிய தொல்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வருகிறது. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுத்துணி வேண்டும். கடைத்தெருவில் தைப்பவர்களுக்கும், வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கும் அதுதான் சம்பாதிக்கும் நேரம். அந்த நேரத்தில் எந்திரம் மக்கர் செய்தால் அன்றைய கூலி போயிற்று. துணி கொடுத்தவரின் நம்பிக்கையும் போயிற்று!

உடனே மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலும் கோளாறு ஓர் ஊசியோடு முடிந்துவிடும்.

எந்திரத்தை உடைத்தார்கள்

காரைக்கால் 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ந் தேதி அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இன்று அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி.

அந்தப் பிரான்சு நாட்டில் தீமோனியே என்று ஒரு தையல்காரர் இருந்தார். அவர் 1830-ஆம் ஆண்டு ஒரு தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் அத்தகைய எந்திரங்களை வைத்து ராணுவ உடைகள் தைத்தார்கள். மற்ற தையல்காரர்கள் பயந்தார்கள். "நம் பிழைப்பு போய்விடும்" என்று கொதித்தார்கள். 1831-ல் கூட்டமாகப் புகுந்து எந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். தீமோனியே 1857-ல் ஏழையாகவே இறந்தார்.

ஆனால் காலம் மாறியது. எந்திரங்களை விரும்பாத காந்தியடிகள்கூட, 1924-ல் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்துப் பேசினார். மனிதனின் உழைப்பைக் குறைக்கும் எந்திரம் அது என்பது அவர் கருத்து. பிழைப்பைக் கெடுக்கும் என்று அன்று பயந்த பொருள், இன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரிய வைக்கிறது.

தையல் எப்படி விழுகிறது?

தீமோனியேயின் எந்திரம் ஒரே நூலில் தைத்தது. அமெரிக்காவைச் சேர்ந்த எலியாஸ் ஹோவே 1846-ல் இரண்டு நூலில் தைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஊசியின் கண் அடியில், முனைக்கு அருகில் இருந்தது. 1851-ல் ஆலன் வில்சன் என்பவர் சுழலும் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எந்திரத்தின் உயிர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

ஊசி மேல்நூலோடு துணிக்குள் இறங்குகிறது. அடிமட்டம் போய்ச் சற்று மேலே ஏறுகிறது. அப்போது துணி நூலைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஊசியின் பின்னால் நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்த வளையத்துக்குள் கொக்கியின் முனை நுழைந்து, நூலைப் பாபினைச் சுற்றி இழுத்து வருகிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் விழுந்தது!

கொக்கி வரும்போது வளையம் இல்லை என்றால்? தையல் விட்டது. சங்கதி இவ்வளவுதான்.

ஜிக்ஜாக் எந்திரத்தில் ஒரு சிக்கல் கூடுதல். ஊசி இடமும் வலமும் ஆடுகிறது. கொக்கி எப்போதும் ஒரே பாதையில்தான் வருகிறது. ஆகவே ஒரு பக்கத்தில் அது ஊசியைச் சற்று முன்னதாகச் சந்திக்கும். மறு பக்கத்தில் சற்றுத் தாமதமாகச் சந்திக்கும். நேர்த்தையலில் ஒழுங்காக ஓடும் எந்திரம் ஜிக்ஜாக்கில் மட்டும் தையல் விடுவது இதனால்தான்.

முதலில் செய்ய வேண்டியவை

மோட்டார் உள்ள எந்திரமானால் முதலில் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

1. புது ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசியும், கண்ணுக்குத் தெரியாமல் வளைந்த ஊசியும்தான் முதல் எதிரிகள். பழைய ஊசியைக் கண்ணாடி மேல் படுக்க வைத்தால் வளைவு தெரிந்துவிடும்.

2. ஊசியைக் கடைசி வரை மேலே தள்ளித் திருகை இறுக்குங்கள். வீட்டு ஜிக்ஜாக் எந்திரங்களில் பொதுவாக ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் இருக்க வேண்டும். நூலை முன்னாலிருந்து பின்னால் கோக்க வேண்டும்.

3. துணிக்கு ஏற்ற ஊசியா என்று பாருங்கள். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர், பாப்ளினுக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும்.

4. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேல்நூலை ஆரம்பத்திலிருந்து மறுபடி கோருங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் சரியாக உட்காராது.

5. தட்டைக் கழற்றித் தூசியையும் நூல் பிசிறையும் துடைத்து எடுங்கள். எண்ணெய் விட வேண்டிய இடங்களில் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது! அது பிசுக்காகி இறுகிவிடும்.

6. மெல்லிய துணி ஊசியோடு சேர்ந்து குழிக்குள் இறங்கினால் வளையம் விழாது. துணிக்கு அடியில் ஒரு காகிதம் வைத்துத் தையுங்கள். பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம்.

டைமிங் பார்ப்பது எப்படி?

இத்தனையும் செய்த பிறகும் தையல் விடுகிறதா? அப்போதுதான் டைமிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஜிப்பின் மேலோ குண்டூசியின் மேலோ ஊசி மோதி உடைந்திருந்தால், உள்ளே திருகு நழுவியிருக்கலாம்.

தட்டையும் பாதத்தையும் கழற்றுங்கள். தையல் அகலத்தைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசியை நடுவில் நிறுத்துங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் போய்ச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறியதும் நிறுத்துங்கள். இப்போது கொக்கியின் முனை ஊசிக்குப் பின்னால், கண்ணுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத்தின் கனம் இடைவெளி போதும்.

முனை இன்னும் வரவில்லை என்றால் கொக்கி தாமதம். ஊசியைத் தாண்டிப் போய்விட்டது என்றால் கொக்கி முந்துகிறது. நேரம் சரியாக இருந்தும் முனை கண்ணுக்கு நேராகவோ கீழாகவோ வந்தால், ஊசிக் கம்பி உயர்ந்திருக்கிறது.

பிறகு அகலத்தை முழுவதும் கூட்டுங்கள். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை இதேபோல் பாருங்கள். இரண்டு பக்கமும் முனை கண்ணுக்கு மேலேதான் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

கொக்கியின் திருகைத் தளர்த்தும் முன்பு, அது இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். பழக்கம் இல்லாதவர்களும், கம்ப்யூட்டர் பொருத்திய புது எந்திரம் வைத்திருப்பவர்களும் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. "ஊசி மாற்றிவிட்டேன், நூல் மாற்றிவிட்டேன், இடப்பக்கம்தான் தையல் விடுகிறது" என்று சொல்லிக் கொடுத்தால், அவருக்கும் வேலை சுலபம்.

உப்புக் காற்று

கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. இரும்பு சீக்கிரம் துருப் பிடிக்கும். துரு ஏறிய கொக்கி நூலை உரசிப் பிய்க்கும். இரவில் வேலை முடிந்ததும் எந்திரத்தை உலர்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள். ஊசிகளை இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஓர் ஊசியின் விலை அற்பம். அது மழுங்கினால் கெடுவது ஒரு முழு ரவிக்கை. ஆகவே பண்டிகைத் துணி வந்து குவியும் முன்பே ஊசியை மாற்றுங்கள்!