உங்களுக்குத் தெரியுமா? மூளைக்கு வயது சொன்ன விளையாட்டு

● நின்டெண்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்காக 2005இல் ஜப்பானில் வெளிவந்தது 'பிரெய்ன் ஏஜ்'. கருவியைப் புத்தகம்போலப் பிடித்து, கணக்கின் விடையைத் திரையில் பேனாவால் எழுத வேண்டும். 'மூளை வயது' 20 என்று வந்தால் அதுதான் முதல் தரம்!

● உலகெங்கும் சுமார் 1.9 கோடி பிரதிகள் விற்றன. தினம் சில நிமிடங்களே போதும் என்பதை விமர்சகர்கள் பாராட்டினார்கள். விடையை வாயால் சொல்லும் பகுதியில் 'ப்ளூ' என்று தெளிவாகச் சொன்னாலும் கருவிக்குப் புரிவதில்லை என்று குறையும் சொன்னார்கள்.

● புத்தி கூடுமா? இணையவழி மூளைப் பயிற்சியை 11,430 பேரிடம் ஆறு வாரம் சோதித்த ஆய்வு 2010இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பழகிய விளையாட்டில் திறமை கூடியது. பழகாத வேலைகளில் கூடவில்லை.

● நம் நாட்டிலும் இதே கதைதான். குஜராத்தின் வடோதராவில் பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்றாண்டு நடந்த அபாகஸ் ஆய்வு 2016இல் வெளியானது. கணக்கு மேம்பட்டது, நினைவாற்றல் போன்ற அடிப்படைத் திறன்கள் மாறவில்லை.

● சேலம், நாமக்கல் பெற்றோரே, கணக்கு வேகமாக வர அபாகஸ் வகுப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள். 'மூளையே வளரும்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.