பார்கோடு: கோடுகளை அச்சிடும் யந்திரமும் வாசிக்கும் யந்திரமும்

விதைப் பை, பூச்சி மருந்துக் குப்பி, மாட்டின் காதில் மாட்டப்படும் மஞ்சள் வில்லை முதலிய பலவற்றின் மீதும் கருங்கோடுகள் சில நெருங்கியும் சில விலகியும் நிற்கும் ஒரு சிறு கட்டம் காணப்படுகின்றது. இதற்குப் பார்கோடு என்று பெயர். குடியானவர்களிற் சிலர் இதனைக் கம்பெனியாரின் முத்திரை யென்றும், வேறு சிலர் பண்டத்தின் விலையும் தரமும் இதில் எழுதப்பட்டுள்ளன வென்றும் எண்ணுகின்றனர். இரண்டும் சரியன்று. கடைச் சரக்குகளின் மீதுள்ள கோடுகளில் அடங்கியிருப்பது ஓர் எண் மாத்திரமே. மண்டியில் மூட்டையின் மேல் மையினால் ஓர் இலக்கமிட்டு, அவ்விலக்கத்திற்கு நேராகப் பேரேட்டில் சொந்தக்காரர் பெயரையும் எடையையும் எழுதி வைக்கும் பழக்கத்தையே இதுவும் ஒத்ததாகும். பேரேடு கம்ப்யூட்டரில் இருக்கின்றது. இலக்கத்தைக் குமாஸ்தாவுக்குப் பதிலாக யந்திரம் வாசிக்கின்றது. பேரேட்டில் பிழை யிருந்தால், பிழையையும் யந்திரம் வெகு துல்லியமாகவே எடுத்துக் கொடுக்கும்.

இம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றியது. 1948-ம் வருஷத்தில் மளிகைக் கடைகளின் தலைவர் ஒருவர், கல்லாவில் சரக்கின் விவரத்தைத் தானே அறியும் ஒரு சாதனம் வேண்டுமென்று பிலடெல்பியா நகரத்து டிரெக்செல் கலாசாலையாரை வேண்டினார். அங்கிருந்த பெர்னார்ட் சில்வர் என்பவர் இதனைக் கேட்டுத் தம் நண்பர் நார்மன் ஜோஸப் உட்லண்டிடம் தெரிவித்தார். உட்லண்ட் மயாமி கடற்கரையில் அமர்ந்திருக்கையில், தந்தியில் வழங்கும் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரல்களால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். தடித்த கோடும் மெல்லிய கோடும் கிடைத்தன. 1949-ல் விண்ணப்பிக்கப்பட்டு 1952-ல் இவர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. ஆனால் முதலில் செய்த வாசிக்கும் யந்திரத்திற்கு 500 வாட் விளக்கு தேவையாயிற்று. அதன் வெப்பத்தில் காகிதமே கருகத் தொடங்கியது. லேசர் ஒளியும் மலிவான கம்ப்யூட்டரும் வரும் வரையில் காரியம் கைகூடவில்லை.

உட்லண்ட் கடைசியில் விரும்பிய உருவம் கோடுகளன்று. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்களாம். வட்டத்தை எத்திசையிலிருந்தும் வாசிக்கலாமென்பது அவர் கருத்து. ஆனால் அச்சு யந்திரத்தில் காகிதம் ஓடும் திசையில் மை இழுபடுவதுண்டு. அப்போது வட்டம் கெட்டுவிடும். ஐ.பி.எம். ஸ்தாபனத்து ஜார்ஜ் லாரர் என்பவர் நேர்கோடுகளையே தெரிந்தெடுத்தார். மை இழுபட்டால் கோடு சற்று நீளுமே யன்றித் தடிக்காது. அச்சகத்தின் இயல்பை யறிந்து செய்த இம்மாற்றமே முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த தெனலாம். 1974-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி ஒஹையோ மாகாணத்து டிராய் நகரக் கடை யொன்றில், 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் கட்டு ஒன்று முதன்முதலாக இவ்வாறு வாசிக்கப்பட்டது.

இந்தியாவில் கடைச் சரக்குகளுக்கு வழங்கும் குறி 13 இலக்கங்களைக் கொண்டது. கட்டத்தின் அகலம் 95 சம கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. சாதாரண அளவில் ஒரு கூறு 0.33 மில்லிமீட்டர். ஓர் இலக்கத்திற்கு 7 கூறுகள். அவற்றில் இரண்டு கருங்கோடுகளும் இரண்டு வெள்ளை இடைவெளிகளும் அமையும். இரு ஓரங்களிலும் நடுவிலும் நீண்டு நிற்கும் மெல்லிய கோடுகள் எல்லைக் கற்கள் போன்றவை. 12 இலக்கங்களே கோடுகளாக வரையப்படுகின்றன. முதல் இலக்கத்தை, இடப்பாதியிலுள்ள ஆறு இலக்கங்களும் எழுதப்பட்ட தினுசைக் கொண்டு யந்திரம் ஊகித்துக் கொள்ளுகின்றது. 890 என்று தொடங்கும் எண் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டதென்று காட்டுமே யன்றி, சரக்கு இந்தியாவில் விளைந்ததென்று காட்டாது. வாங்குவோரும் விற்போரும் இதில் ஏமாறுவதுண்டு.

கடைசி இலக்கம் சோதனைக்காக வைக்கப்பட்டது. 890123456789 என்னும் எண்ணை உதாரணமாகக் கொள்வோம். ஒற்றை ஸ்தானங்களிலுள்ளவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டை ஸ்தானங்களின் கூட்டுத்தொகை 34. இதனை மூன்றால் பெருக்க 102. ஆக மொத்தம் 130. இது பத்தால் மீதியின்றி வகுபடுவதால் சோதனை இலக்கம் 0. எவரேனும் கையால் பதியும்போது 4, 5 இரண்டையும் இடம் மாற்றி விட்டால் மொத்தம் 128 ஆகிச் சோதனை இலக்கம் 2 ஆக வேண்டும். எனவே யந்திரம் எண்ணை ஏற்க மறுக்கும். 1, 6 போல் ஐந்து வித்தியாசமுள்ள அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் மாத்திரம் இச்சோதனைக்குத் தப்பிவிடும்.

வாசிக்கும் யந்திரத்தின் வேலை எளிது. சிவந்த ஒளிக்கற்றை கோடுகளின் குறுக்கே ஓடுகின்றது. வெள்ளைப் பாகம் ஒளியைத் திருப்பி அனுப்ப, கரும்பாகம் விழுங்கிவிடுகின்றது. திரும்பும் ஒளி ஒரு சிறு கண்ணில் விழுந்து ஏறியிறங்கும் மின்சாரமாக மாறுகின்றது. அதன் ஏற்றத் தாழ்வுகளின் கால அளவிலிருந்து கோடுகளின் அகலம் கணக்கிடப்படுகின்றது. ஒளி சிவப்பாயிருப்பதால் ஒரு விசேஷமுண்டு: சிவப்பு மையில் அச்சிட்ட கோடு யந்திரத்தின் கண்ணுக்கு வெள்ளையாகவே தோன்றும். மஞ்சள் தூள் பொட்டலத்தின் மஞ்சள் நிறத்தின் மேல் கருங்கோடு நன்றாய் வாசிக்கப்படும். பச்சை நிறத்தின் மேல் கருங்கோடு வாசிக்கப்படுவது அரிது. உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கிச் சிறுதானிய மாவும் தேனும் அடைத்து விற்போர் அழகைக் கருதி வர்ணம் தீட்டிய பின், கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புவாராயின் நஷ்டம் அவர்களுடையதே.

அச்சிடும் யந்திரங்கள் இரு வகை. ஒன்றில் சூடுபட்டால் கறுக்கும் காகிதம் உபயோகிக்கப்படுகின்றது. சூடேறும் நுண்ணிய புள்ளிகள் வரிசையாய் அமைந்த ஒரு தலையின் கீழ் காகிதம் ஓடுகின்றது. மலிவானது, மையும் வேண்டாம். ஆயினும் வெயிலிலும் சூட்டிலும் சில வாரங்களில் எழுத்து மங்கியோ, காகிதம் முழுதும் கறுத்தோ போய்விடும். கடைச் சீட்டுக்கு இது போதும். களத்திலும் லாரியிலும் கிடக்கும் மூட்டைக்கு உதவாது. மற்றொன்றில் தலைக்கும் சீட்டுக்கும் இடையே மெழுகோ பிசினோ பூசிய நாடா ஓடி, அது உருகிச் சீட்டில் ஒட்டுகின்றது. பிசின் நாடாவும் பிளாஸ்டிக் சீட்டும் சேர்ந்தால் ஈரத்தையும் உராய்வையும் தாங்கும். தலையிலுள்ள ஒரு புள்ளி பழுதானால் சீட்டின் நெடுக ஒரு வெள்ளைக் கீற்று விழும். கோடுகள் சீட்டு ஓடும் திசையிலேயே அமைந்திருந்தால் அக்கீற்று ஒரு கோட்டையே மெலிவித்து விடும். குறுக்கே அமைந்திருந்தால் தீங்கு குறைவு.

மாட்டின் காது வில்லையில் 12 இலக்க எண்ணும் அதற்குரிய கோடுகளும் இருக்கின்றன. தடுப்பூசி, சினை ஊசி, கன்று ஈன்ற விவரம் யாவும் அவ்வெண்ணின் கீழேயே பதியப்படுகின்றன. காப்பீடு செய்த மாடு இறந்தால் வில்லையைக் கேட்பதும் வழக்கம். சாணமும் சேறும் படிந்து கோடுகள் மறைந்தால் துடைத்துப் பார்க்கலாம். தேய்ந்து போயினும் இலக்கத்தைக் கண்ணால் வாசித்துப் பதியலாம். வில்லையே கழன்று விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்தில் தெரிவித்து, புது எண்ணைப் பழைய பதிவோடு சேர்க்கச் செய்ய வேண்டும். இல்லாவிடில் ஒரே மாடு ஏட்டில் இரண்டு மாடுகளாகி, எதற்கும் சரியான சாட்சியின்றிப் போகும்.

சதுரமாய்ப் புள்ளிகள் நிறைந்த க்யூஆர் குறி 1994-ல் ஜப்பானில் டென்ஸோ வேவ் ஸ்தாபனத்தாரால் செய்யப்பட்டது. இது குறுக்கிலும் நெடுக்கிலும் எழுதப்படுவதால் அதிக விவரம் கொள்ளும். மிகுந்த காப்போடு அச்சிட்டால் சுமார் 30 சதவிகிதம் வரை சிதைந்தாலும் வாசிக்கலாம். கைப்பேசியின் படக்கண்ணே போதுமானது. விதையின் பூர்வோத்தரத்தை இக்குறியின் மூலம் அறியும் ஏற்பாட்டை மத்திய சர்க்கார் 2023-ல் தொடங்கினர். விதை வாங்குவோர் பணம் கொடுக்கு முன்பே குறியை வாசித்து, தோன்றும் ரகமும் குவியல் எண்ணும் பையில் அச்சிட்டவற்றோடு பொருந்துகின்றனவா வென்று பார்ப்பது நலம். குறியை நகலெடுத்து வேறு பையில் ஒட்டுவது கடினமன்று.

சொந்தச் சரக்குக்குக் குறியிட விரும்புவோர் எண்ணைத் தாமே கற்பித்துக் கொள்ளலாகாது, ஜி.எஸ்.1 இந்தியா ஸ்தாபனத்தில் பதிந்து பெறல் வேண்டும். கோடுகளுக்கு இடப்புறம் 11 கூறும் வலப்புறம் 7 கூறும் வெற்றிடம் விடுக. சிறிய உருண்டைக் குப்பியில் கோடுகள் ஏணிப் படிகள் போல் ஒன்றன்மேலொன்றாய் அமையட்டும். பையின் தையலின் மீதும் மடிப்பின் மீதும் சீட்டை ஒட்ட வேண்டாம்.