சண்டையைப் படிக்கும் படிப்பு

பெங்களூரில் சமூக அறிவியல் முதுகலை வகுப்பு எடுக்கிறேன். முரண்பாட்டுத் தீர்வு என் பாடம். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: “ஏன் சார், சண்டையை விலக்கிவிட ஒரு எம்.ஏ.வா?” விலக்கிவிடப் பட்டம் வேண்டாம், தெருவில் நாலு பெரியவர்கள் போதும். விலக்கிவிட்ட சண்டை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படிப்பு.

இந்த ஊரில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே காவிரி இருக்கிறது. 1892, 1924 ஒப்பந்தங்கள். 1990இல் நடுவர் மன்றம். 1991இல் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த டிசம்பரில் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2007 இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்றது. 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தன. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி. கூட்டியது, அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அதற்குப் பிறகும் மழை ஏமாற்றிய 2023இல் பெங்களூரில் பந்த்.

ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் எழுதிய ‘கெட்டிங் டு யெஸ்’ இந்தத் துறையின் பாலபாடம். ஒருவர் வாய்விட்டுக் கேட்பது வேறு, அவருக்கு உண்மையில் வேண்டியிருப்பது வேறு என்பது அதன் சாரம். இதை வகுப்பில் விளக்குவதைவிட ஆடவிடுவது நல்லது. தஞ்சாவூர்ப் பையனை மண்டியா கரும்பு விவசாயியாக உட்கார வைப்பேன். மண்டியாப் பெண் டெல்டா விவசாயி. “ஜூன் 12 மேட்டூர் திறக்கலைன்னா குறுவை போச்சு” என்று அவள் வாதாட வேண்டும். 1924 ஒப்பந்தம் மைசூரின் பாசனப் பரப்புக்குப் போட்ட வரம்பை அவன் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலில் இருவரும் டி.எம்.சி. கணக்கிலேயே மல்லுக்கு நிற்பார்கள். போகப்போகப் பேச்சு நாற்றங்காலுக்கும் பயிர்க்கடனுக்கும் இறங்கும். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிவதும் இரண்டு பேருக்கும் உயிர்ப்பிரச்சினை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நிஜ விவசாயிகளும் இப்படி உட்கார்ந்ததுண்டு. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில், மன்னார்குடி ரங்கநாதன் உள்ளிட்ட டெல்டா விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் ‘காவிரிக் குடும்பம்’ என்று கூடிப் பேசினார்கள். அரசுகள் அதை ஏற்று நடத்தவில்லை. ஆனால் எதிர்த்தரப்பும் கடன் வாங்கித்தான் விதைக்கிறது என்பது முகத்தோடு முகம் பார்த்துத் தெரிந்தது.

அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை இன்னொரு பாடம். 1991இல் தயாராகி, எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9இல் இங்கே வள்ளுவர், 13இல் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் என்று இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்கள். இரு தரப்பும் மானம் குறையாமல் இறங்கிவர அது வழி. ஆனாலும் சிலைப் பிரச்சினைதான் தீர்ந்தது, தண்ணீர்ப் பிரச்சினை அப்படியே இருந்தது. நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் அடிதடி நின்றிருப்பதை ஒருவகை அமைதி என்றும், அடிதடிக்கான காரணமே நீங்குவதை வேறுவகை அமைதி என்றும் பிரித்தார். அந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு அல்சூரில் வைத்தே காட்டிவிடலாம்.

எங்கே படிப்பது? இந்தத் துறையிலேயே எம்.ஏ. வேண்டுமென்றால் டெல்லி ஜாமியா மிலியாவில் 2004இல் தொடங்கிய நெல்சன் மண்டேலா மையம் இருக்கிறது. பெங்களூரில் பக்கத்து வாசல்கள் வழியாக வரலாம்: தேசிய சட்டப் பள்ளியில் பொதுக் கொள்கை முதுகலை, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிக் கல்வி, வி.கே.ஆர்.வி. ராவ் 1972இல் நிறுவிய ஐசெக் சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டம்.

வேலை? உயர் நீதிமன்றத்தின் பெங்களூரு சமரச மையம் 2007 முதல் இயங்குகிறது. 2023இல் சமரசத்துக்கென்றே மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. நிலம், நீர், தொழிலாளர் பிரச்சினைகளில் இறங்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆள் தேவை. ஐ.டி. சம்பளத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒன்று கூடுதலாகச் சொல்வேன்: கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். மண்டியா விவசாயியின் கோபத்தை இன்னொருவர் வாய்வழியாகக் கேட்டால் பாதிதான் வந்து சேரும். பாதியை வைத்துக்கொண்டு சமரசம் பேச முடியாது.