குடும்ப நீதிமன்றத்தில் மொய் நோட்டுக்கு என்ன மதிப்பு?

வாளையார் எல்லையைத் தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கல்யாணம் கோயமுத்தூரில் நடக்கும். குடித்தனம் பாலக்காட்டிலோ, இடுக்கி மறையூரிலோ இருக்கும். ஒத்துப்போகாமல் வழக்கு என்று வந்துவிட்டால், நகைப் பேச்சு எழாமல் இருக்காது. "போட்ட நகைக்கு ரசீது எங்கேம்மா?" என்று கேட்டால் பெண் வீட்டார் வாயடைத்துப் போகிறார்கள். மாமியார் கையில் வளையலைக் கழற்றிக் கொடுக்கும்போது கையெழுத்தா வாங்க முடியும்?

இந்தச் சங்கடம் சட்டத்துக்கும் தெரியும். சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதும் எந்த ஆவணத்தையும் தகவலையும் ஏற்கலாம் என்கிறது, 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. (1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. அதனால் இந்தச் சலுகை போய்விடவில்லை.) உடனே, "எதைக் கொடுத்தாலும் செல்லும்" என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பில் ஏறுவது வேறு, நீதிபதி நம்புவது வேறு.

எர்ணாகுளம் குடும்ப நீதிமன்றம் தள்ளுபடி செய்த ஒரு நகை வழக்கு, 2025இல் கேரள உயர்நீதிமன்றத்தில் தீர்ந்தது. 2010இல் நடந்த கல்யாணம். கிரிமினல் வழக்கைப் போலக் கறாரான நிரூபணம் கேட்கக் கூடாது, எது நடந்திருக்க அதிகம் வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று சொல்லி, 59½ பவுனையோ அதன் சந்தை மதிப்பையோ திருப்பித்தர உத்தரவிட்டார்கள். பெண்ணுக்குக் கைகொடுத்தது, பெற்றோரின் வங்கி வைப்புத் தொகையில் நகை வாங்கியதைக் காட்டும் காகிதங்கள். உறவுக்காரர்கள் போட்டதாகச் சொன்ன 6 பவுனுக்குச் சரியான ஆதாரம் இல்லை, அது கிடைக்கவில்லை.

அந்த மாதிரி 6 பவுனுக்குத்தான் நம்ம மொய் நோட்டு உதவும். "தாய்மாமன், செயின் 2 பவுன்" என்று மண்டபத்திலேயே, வழக்கு என்ற நினைப்பே இல்லாமல் எழுதியது என்பதுதான் அதன் பலம். எழுதியவரே கூண்டேறிச் சொன்னால் இன்னும் பலம். பின்னால் வேறு மையில் ஒரு வரி சேர்த்திருந்தாலோ, மொத்த நோட்டின் மீதும் சந்தேகம் விழும். போட்டோவில் நகை தெரியும், எடை தெரியாது. கடை பில்லில் எடை தெரியும், போட்டது யார் என்று தெரியாது. மூன்றையும் பொருத்திக் காட்ட வேண்டும். நோட்டு தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், அவர்களுக்கிடையே நடக்கும் வழக்கில் அதைச் சாட்சியமாக்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவான செல்போனைப் பத்திரமாக வைத்து, புதுச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றையும் இணைப்பது நல்லது. வெட்டி ஒட்டிய துண்டுப் பதிவு குறுக்கு விசாரணையில் நிற்காது.

ஜீவனாம்ச வழக்கில், 2020 நவம்பர் 4 தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று பாலக்காட்டில் சத்தியம் செய்பவருக்கு உடுமலைப் பக்கம் தோப்பு இருக்கலாம். சர்வே எண் தெரிந்தால், தமிழ்நாட்டுப் பத்திரப்பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று எடுத்துவிடலாம்.