உங்களுக்குத் தெரியுமா? தசைச் செல்லின் ஓரத்தில் உட்கருக்கள்

எலும்புத் தசையின் ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். மயோபிளாஸ்ட் எனும் சிறு செல்கள் பல இணைந்து ஒரு நீண்ட இழையாவதே காரணம். முதலில் உட்கருக்கள் இழையின் நடுவே திரள்கின்றன. நுண்குழல்களும் கைனசின் புரதங்களும் அவற்றை இழைநெடுகப் பரப்புகின்றன. பிறகு, சுருங்கி இறுகும் தசை நுண்ணிழைகள் அவற்றை நெருக்கி, செல்சவ்வின் ஓரத்துக்குத் தள்ளுகின்றன. வியக்கத்தக்க ஒழுங்கு இது! நரம்பு வந்து தொடும் இடத்தில் சில உட்கருக்கள் கூட்டமாக நிற்கும்.

தசையின் சாயமிட்ட குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பு இழையின் விளிம்பில் ஊதாப் புள்ளிகளாக உட்கருக்கள் தெரியும். புள்ளி நடுவில் இருந்தால், காயம்பட்ட இழை மீண்டும் வளர்ந்திருக்கலாம். அல்லது மயோடியூபுலர் மயோபதி போன்ற பிறவித் தசைநோயாகவும் இருக்கலாம். அந்நோய்க்குக் காரணம், எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்டிஎம்1 மரபணுவின் பழுது.