கறுப்புக் கண்ணாடியில் கீறல் விழுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் காரை நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்து, காய்கறி, பூ எல்லாம் வாங்கி வீடு திரும்பும்போது சன்னல் கண்ணாடியில் வெள்ளைக் கோடு தெரிந்தால், பக்கத்து வண்டிக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். கறுப்புப் படலம் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படுகிறது. கீறியவர் பெரும்பாலும் உங்களோடு காரில் வந்தவர்தான்!

தண்ணீர் போத்தல் செய்யும் அதே 'பெட்' பிளாஸ்டிக்தான் இந்தப் படலம். அதன்மேல் சில மைக்ரான் கனத்தில் ஒரு கடினப் பூச்சு இருக்கும். பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்சுக்கு 7, வைரத்துக்கு 10. மணல் கண்ணாடியையே கீறும் என்றால், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? மோதிரத்தின் தங்கம் மென்மையானது. அதில் பதித்த கல்தான் ஆபத்து. இருக்கை வார்ப்பூட்டு, குடைக்கம்பி, குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஆகியவையும் அப்படியே.

கோடுகள் மேலிருந்து கீழாக நேராக ஓடினால் காரணம் வேறு. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் உள்ள மென்பட்டையில் மணல்துகள் சிக்கியிருக்கும். ஒவ்வொரு முறை சன்னலை இறக்கும்போதும் அது உப்புத்தாள்போல் உரசும். பட்டையை அவ்வப்போது தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

படலத்தை உலர்ந்த காகிதத்தால் தேய்க்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணியும் சில துளி சவர்க்காரம் கலந்த நீரும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம். சாயமேற்றிய படலம் நிறம் மங்கிவிடும். புதிதாக ஒட்டியிருந்தால், இடையில் தங்கிய நீர் ஆவியாகும்வரை சில நாள் சன்னலை இறக்கக்கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் வெயில் படாத அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், இது மெதுவாகவே நடக்கும்.

விழுந்த கீறலை மெருகேற்றிப் போக்க முடியாது. மெருகு கடினப் பூச்சையே அரித்துவிடும். அந்தக் கண்ணாடியின் படலம் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். அழகு கெடுகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கீறல் ஒளியைச் சிதறடிக்கும். மழை இரவில் ஓட்டுநர் வலப்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, பின்னால் வரும் மோட்டார்சைக்கிளின் விளக்கு வெறும் ஒளிப்புகையாகத் தெரியலாம்.

மாற்றும்போது, கீறல் தெரியாதிருக்க இன்னும் கறுப்பாக ஒட்டலாமே என்று தோன்றும். நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 25 விழுக்காடு.