கேவியற்: ஒரு வியங்கோட் சொல்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு வாங்கப் புகுவோர், அவ்வீட்டின்மேல் ‘கேவியற்’ உண்டெனக் கேட்டவுடன், விற்பனைக்குத் தடை விழுந்ததென அஞ்சுவதுண்டு. சொல்லின் பொருள் அதுவன்று. இலத்தீனில் அது ஒரு வினைமுற்று. ‘அவன் விழிப்பாயிருக்க’ என்பதே பொருள். தமிழிலக்கணம் இதனை வியங்கோள் என்னும். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர்; நன்னூலாரோ மூவிடத்துக்கும் உரியதாக்கினார். தொல்காப்பியர் கண்ட படர்க்கை வியங்கோளே ஈண்டுப் பொருந்துவது. எதிர்நிற்பானை ஏவுவதன்று இச்சொல். இனி வரக்கூடிய எவனையோ நோக்கியது.

இலங்கையின் 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்திலும் இச்சொல்லின் இயல்பு மாறவில்லை. காணியொன்றின்மேல் கேவியற் பதிந்தவருக்கு, அக்காணி பற்றிய உறுதி எதுவும் பதிவுக்கு வருமிடத்து அறிவித்தல் கிடைக்கும். காணி எவருடையது என்பதை அது தீர்ப்பதில்லை; அதனை வழக்கே தீர்க்கும். அறிவித்தலைப் பெற்றபின் வாளாவிருப்பவருக்கு அதனாற் பயன் யாது?

இந்தியக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 148அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அங்கே விழித்திருக்க வேண்டியது நீதிமன்றம்: கேவியற் இட்டவருக்கு அறிவியாமல் ஆணை பிறப்பித்தலாகாது. அவ்விழிப்பும் 90 நாட்களுக்கே.